புளியமரத்தடியில் நாலு பேர் சொன்ன விடை

இரண்டாம் திருப்புதல் தேர்வில் வேதியியல் முடிந்த அன்று மதியம், எங்கள் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் ஐந்து பேர் பள்ளிப் புளியமரத்தடியில் முக்கால் மணி நேரம் நின்று விடைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மறுநாள் இயற்பியல் தேர்வில், அந்த ஐந்து பேரில் ஒரு மாணவி தான் முதலில் சரியாக எழுதியிருந்த விடையைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் தவறான விடையை எழுதினாள். இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பிக்கும் முதுகலை ஆசிரியை. தேர்வு முடிந்ததும் பிள்ளைகள் கூடி நின்று "உனக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டுக்கொள்வதைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விடுவேன். இந்த முறை அப்படிப் போகாததற்குக் காரணம், விடைத்தாள் கட்டு என் மேசைக்கே வந்ததுதான். பொதுத்தேர்வு என்றால் தாள்கள் வேறு ஊருக்குத் திருத்தப் போய்விடும். மரத்தடியில் ஒரு பிள்ளை சொன்னதும் தாளில் அது எழுதியதும் ஒன்றா என்று யாராலும் பார்க்க முடியாது. திருப்புதல் தேர்வில் பார்க்க முடிந்தது. கட்டுகளுக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தபோது வராண்டா ஜன்னல் வழியாகப் பாதி காதில் விழுந்தது. மீதியை அடுத்த வாரம் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டேன்.

தேர்வு முறை தெரியாதவர்களுக்காக ஒரு சொல். தமிழ்நாட்டு பிளஸ் டூ வேதியியலில் எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண், செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. எழுத்துத் தாளில் ஒரு மதிப்பெண் வினா 15. இரண்டு மதிப்பெண்ணிலும் மூன்று மதிப்பெண்ணிலும் ஒன்பது கொடுத்து ஆறு எழுதச் சொல்வார்கள். அதில் 24-ம் வினாவும் 33-ம் வினாவும் கட்டாயம். ஐந்து மதிப்பெண்ணில் ஐந்து வினா, ஒவ்வொன்றிலும் 'அல்லது' உண்டு. பொறியியல் கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடும்போது கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று எடுப்பதால், வேதியியலில் ஒரு மதிப்பெண் குறைந்தால் கட்-ஆஃபில் அரை மதிப்பெண் போகும். எங்கள் பிள்ளைகள் இந்தக் கணக்கைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள்.

அந்த ஐந்து பேரின் பெயர் வேண்டாம். மாணவியை ந என்று குறிப்பிடுகிறேன். அவளுடைய தோழி ஒருத்தி. வகுப்பு லீடர் ஒருவன், வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எடுப்பவன், யார் கேட்டாலும் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவன், கொஞ்சம் உரத்த குரல். பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பையன் ஒருவன், அதிகம் பேச மாட்டான். கடைசி பெஞ்சில் உட்காருகிற ஒருவன். ஐந்து பேரும் நல்ல நண்பர்கள். யாரும் யாரையும் மட்டம் தட்ட நினைக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மரத்தடியில் நடந்தது

முதல் சண்டை ஒரு மதிப்பெண் வினாவில். "மூணாவதுக்கு என்ன?" என்று தோழி கேட்டாள். லீடர் "ஆ" என்றான். ந "ஈ" என்றாள். நாலாவதுக்கும் வேறு, ஐந்தாவதுக்கும் வேறு. அவளுக்கு முகம் வெளிறிப்போனதாகத் தோழி பிறகு சொன்னாள். ஏழெட்டு வினா போன பிறகுதான் கடைசி பெஞ்ச் பையன் வினாத்தாளின் மேல் மூலையைக் காட்டினான். அடுத்தடுத்து உட்காருகிறவர்கள் பார்த்து எழுதக் கூடாதென்று ஒரு மதிப்பெண் வினாக்களை ஏ வகை, பி வகை என்று இரண்டு வரிசையில் நாங்கள்தான் அச்சிட்டிருந்தோம். இவர்கள் வேறு வேறு வினாவுக்கு விடை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் அவள் மனத்தில் விழுந்த கலக்கம் அதோடு போகவில்லை. "அப்பவே எனக்கு எல்லாம் தப்புன்னு ஆயிடுச்சு மிஸ்" என்றாள்.

இரண்டாவது, 22-ம் வினா. பென்சால்டிஹைடை அடர் சோடியம் ஹைட்ராக்சைடுடன் சேர்த்தால் என்ன கிடைக்கும்? கன்னிசாரோ வினை. பென்சால்டிஹைடில் ஆல்ஃபா ஹைட்ரஜன் இல்லாததால் ஒரு மூலக்கூறு ஒடுங்கி ஆல்கஹால் ஆகும், இன்னொன்று ஆக்சிஜனேற்றம் அடைந்து சோடியம் பென்சோயேட் ஆகும். தோழி "பென்சைல் ஆல்கஹால்" என்றாள். பஸ் பையன் "ஃபீனைல்மெத்தனால்" என்றான். "அது எங்கருந்து வந்துச்சு?" என்று லீடர் கேட்க, அவன் வாயை மூடிக்கொண்டான். இரண்டும் ஒரே சேர்மம். ஒன்று வழக்கப்பெயர், மற்றது ஐயுபிஏசி என்ற உலக அமைப்பின் விதிப்படி வைத்த பெயர். புத்தகத்தில் இரண்டும் இருக்கிறது. யாராவது ஒருவர் மண்ணில் குச்சியால் அமைப்பை வரைந்திருந்தால் ஒரு நொடியில் தீர்ந்திருக்கும். வரையவில்லை. பெயரை மட்டும் சொல்லிக்கொண்டார்கள்.

அடுத்தது 36-ம் வினா, ஐந்து மதிப்பெண். துத்தநாக–வெள்ளி மின்கலத்தின் திட்ட மின்னழுத்தத்தையும் கிப்ஸ் ஆற்றல் மாற்றத்தையும் கணக்கிட வேண்டும். துத்தநாகத்துக்கு –0.76 வோல்ட், வெள்ளிக்கு +0.80 வோல்ட் கொடுத்திருந்தோம். லீடர், சமன்பாட்டில் வெள்ளி அயனி இரண்டு வருகிறதே என்று 0.80-ஐ இரண்டால் பெருக்கி, 1.60-உடன் 0.76-ஐக் கூட்டி 2.36 வோல்ட் என்றான். ஆற்றல் மாற்றம் –455 கிலோ ஜூல் என்றான். ந –301 என்றாள். தோழிக்கு மூன்று லட்சத்துச் சொச்சம். "மூணு லட்சமா? எப்படிடி மூணு லட்சம் வரும்?" என்று எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். மூன்று பேருக்கு மூன்று விடை. வினாவே தப்பு, போனஸ் மார்க் கொடுப்பார்கள் என்று கடைசி பெஞ்ச் பையன் ஆறுதல் சொன்னான்.

வினா தப்பில்லை. மின்னழுத்தத்தைச் சமன்பாட்டின் கெழுவால் பெருக்கக் கூடாது. அது மேல்நிலைத் தொட்டியின் உயரம் மாதிரி. தொட்டியில் ஒரு குடம் தண்ணீர் இருந்தாலும் பத்துக் குடம் இருந்தாலும் தொட்டி நிற்கிற உயரம் அதேதான். ஆகவே 0.80-இலிருந்து –0.76-ஐக் கழித்தால் 1.56 வோல்ட். எலக்ட்ரான் எண்ணிக்கையான 2 ஆற்றல் கணக்கில்தான் வரும், ஃபாரடே மாறிலியான 96500-உடன் சேர்ந்து: 2 × 96500 × 1.56 = 3,01,080 ஜூல், எதிர்க்குறியோடு. கிலோ ஜூலில் 301.08. ந எழுதியது கிலோ ஜூலில், தோழி எழுதியது ஜூலில். இரண்டு பேரும் ஒரே விடையைத்தான் எழுதியிருந்தார்கள். அலகை யாரும் வாய்விட்டுச் சொல்லாததால், சரியாக எழுதிய இருவருமே வீட்டுக்குப் போகும்போது ஐந்து மதிப்பெண் போச்சு என்று போனார்கள்.

இனிதான் முக்கியமான இடம். 21-ம் வினா: ஒரு முதல்வகை வினையின் அரைவாழ் காலம் 40 நிமிடம். அந்த வினை 75 விழுக்காடு முடிவடைய எவ்வளவு நேரம் ஆகும்?

லீடர் சொன்னான்: "பாதி முடிய நாப்பது. அடுத்த கால் பங்குக்கு இருபது. மொத்தம் அறுபது. இதுக்கு லாக் புக் எதுக்கு?"

கேட்கிறவர்களுக்கு இது தேன் மாதிரி இறங்கும். தோழி "எனக்கும் அறுபதுதான்" என்றாள். கடைசி பெஞ்ச் பையன் தலையாட்டினான். பஸ் பையனும் "அறுபது" என்றான். ந மட்டும் "எனக்கு எண்பது புள்ளி ஒண்ணு அஞ்சு வந்துச்சு" என்றாள். நாலு பேர் அறுபது என்கிறார்கள், அதுவும் முழு எண். அவளுடையதில் தசமம் தொங்குகிறது. எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு நம்பிக்கை உண்டு, சரியான விடை என்றால் முழுசாக வரும் என்று. நாங்கள் வகுப்பில் போடும் கணக்குகளை அப்படியே தேர்ந்தெடுத்துப் பழக்கிவிட்டோம். ந வாதாடவில்லை. "லாக் பார்த்ததுல தப்பு பண்ணிட்டேன் போல" என்றாள்.

ஒரு நல்லதும் நடந்தது. கட்டாய வினாவைப் பற்றிப் பேச்சு வந்தபோதுதான் கடைசி பெஞ்ச் பையனுக்குத் தான் 24-ஐ எழுதவே இல்லை என்று தெரிந்தது. வேறு ஆறு வினா எழுதிவிட்டு நிம்மதியாக வெளியே வந்திருந்தான். அவனுக்கு இரண்டு மதிப்பெண் போனது உண்மை. ஆனால் பொதுத்தேர்வுக்கு முன்னாலேயே தெரிந்தது. அதற்குப் பிறகு வினாத்தாள் கையில் வந்ததும் அவன் முதலில் பார்ப்பது 24-ஐயும் 33-ஐயும்தான். மரத்தடிப் பேச்சே கூடாது என்று நான் சொல்லாததற்கு இவனும் ஒரு காரணம்.

33-ம் வினாவைப் பற்றி அவர்கள் பேசியது பத்து நொடிகூட இருக்காது. "ஏழு தானே?" "ஏழு." "ஏழு." ஐந்து பேருக்கும் ஒரே விடை. அடுத்ததுக்குப் போய்விட்டார்கள்.

வீடு

ந வீட்டுக்குப் போனதும் கணக்குப் போட்டாள். 21-இல் இரண்டு, 36-இல் ஐந்து, மொத்தம் ஏழு. கட்-ஆஃபில் மூன்றரை. அம்மா சாப்பிடக் கூப்பிட்டபோது பசிக்கவில்லை என்றாள். மறுநாள் இயற்பியல். ஆனால் ராத்திரி பத்து மணிவரை அவள் கையில் இருந்தது வேதியியல் புத்தகம். வேதி வினை வேகவியல் பாடத்தை மறுபடி படித்தாள். அவள் போட்ட மாதிரியேதான் புத்தகத்திலும் இருந்தது. அப்படியும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. "புத்தகத்துல 99.9 விழுக்காடு கணக்குதான் இருந்துச்சு மிஸ். 75-க்கு வேற மாதிரியோன்னு நெனச்சேன்" என்றாள். தன் கண்ணெதிரே இருந்த சூத்திரத்தைவிட நாலு நண்பர்கள் சொன்ன எண் அவளுக்குக் கனமாக இருந்திருக்கிறது.

மறுநாள் இயற்பியல் தாளில் அணுக்கரு இயற்பியலிலிருந்து ஒரு மதிப்பெண் வினா. ஒரு கதிரியக்கத் தனிமத்தின் அரை ஆயுட்காலம் 10 நாள், அதில் 75 விழுக்காடு சிதைவடைய எத்தனை நாள்? வேதியியலில் அரைவாழ் காலம் என்கிறோம், இயற்பியலில் அரை ஆயுட்காலம் என்கிறார்கள். பெயர்தான் வேறு, கணக்கு ஒன்றேதான். கதிரியக்கச் சிதைவும் முதல்வகை வினைதான். இயற்பியல் ஆசிரியர் அந்தத் தாளை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். '20 நாள்' என்று நீல மையில் எழுதி, அதன் மேல் ஒரே ஒரு கோடு. அடித்தல் அழுத்தமாகக்கூட இல்லை. பக்கத்தில், சற்றுச் சின்ன எழுத்தில், '15 நாள்'.

அந்தத் தாளில் வழக்கத்தைவிட ஒன்பது மதிப்பெண் குறைவு என்றார் அவர். ஒன்பதையும் மரத்தடிமேல் போட்டுவிட மாட்டேன். தூக்கம் குறைவு, அலை ஒளியியல் பாடத்தைப் புரட்டவே இல்லை, அன்று காலை பஸ் வேறு தாமதம். ஆனால் அந்த ஒரு கோடு எங்கிருந்து வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

விடைத்தாள்கள் சொன்னது

அந்த வாரக் கடைசியில் ஐந்து தாள்களையும் வரிசையாக வைத்தேன். 21-ம் வினாவை மட்டும் முதலில் பார்த்தேன்.

லீடர்: 60 நிமிடம். சொன்ன மாதிரியே.

தோழி: 60 நிமிடம். வழிமுறை எதுவும் இல்லை, எண் மட்டும்.

கடைசி பெஞ்ச் பையன்: அந்த வினாவை எழுதவே இல்லை. ஒன்பதில் ஆறு என்பதால் விட்டுவிட்டு வேறு எழுதியிருக்கிறான். மரத்தடியில் தலையாட்டியது, லீடர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பதால்.

பஸ் பையன்: 80 நிமிடம். '100-லிருந்து 50, 40 நிமிடம்; 50-லிருந்து 25, 40 நிமிடம்; ஆக 80' என்று மூன்று வரியில், நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே.

ந: 80.15 நிமிடம். சூத்திரம், பிரதியிடல், மடக்கை எல்லாம் சரி.

இதைப் பார்த்துவிட்டு நான் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். மரத்தடியில் நாலுக்கு ஒன்று. தாளில் இரண்டுக்கு இரண்டு. அதிலும் யோசித்து அறுபது என்று வந்தவன் ஒருவன்தான். ந தலைகுனிந்தது நாலு பேர் முன்னால் என்று அவள் நினைத்தாள். உண்மையில் ஒருவன் முன்னால்.

பஸ் பையனைக் கூப்பிட்டு, "நீ எண்பதுன்னுதானே எழுதியிருக்கே, ஏன் அறுபதுன்னு சொன்னே?" என்று கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் சொன்னான்: "அவன் சொன்னப்போ அதான் சரின்னு தோணிடுச்சு மிஸ். முன்னாடியே ஃபீனைல்மெத்தனால்னு சொல்லி எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தாங்க. திரும்பவும் நான் மட்டும் வேற சொல்ல வேணாம்னு..." இரண்டு சண்டையும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருப்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. 22-இல் சரியாகச் சொன்னவனை வாயடைத்ததால், 21-இல் ந-வுக்குத் துணையாக வந்திருக்க வேண்டிய ஒரே குரல் வராமல் போயிற்று.

சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1951-இல் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. ஒரு அட்டையில் ஒரு கோடு, இன்னொன்றில் மூன்று கோடு. எது சம நீளம் என்று சொல்ல வேண்டும். தனியாகக் கேட்டால் யாரும் தவறு செய்யாத அளவுக்கு எளிது. ஆனால் கூட இருப்பவர்கள், முன்பே சொல்லி வைத்தபடி, எல்லாரும் ஒரே தவறான கோட்டைக் காட்டினால், சோதனைக்கு உட்பட்டவர்களின் பதில்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்தத் தவறின் பக்கம் சாய்ந்தது. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னால் போதும், இந்தச் சாய்வு வெகுவாகக் குறைந்துவிட்டது. ஒரு துணைக்குரல் அவ்வளவு செய்யும். கண்ணுக்கு முன்னால் இருக்கிற கோட்டுக்கே இப்படி என்றால், மூன்று மணி நேரம் எழுதிக் களைத்த பிள்ளை, தாளைக் கொடுத்துவிட்டு வந்த பிறகு, நினைவிலிருந்து சொல்கிற எண்ணுக்கு என்ன உறுதி இருக்கும்?

லீடரின் அறுபதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது முட்டாள்தனமான விடை இல்லை. பூஜ்ஜியவகை வினையாக இருந்தால் அதுதான் சரி. அங்கே வேகம் மாறாது. பாதி முடிய 40 நிமிடம் என்றால் முக்கால் முடிய 60. முதல்வகை வினையில் மீதி இருக்கிற அளவுக்குத் தகுந்தபடி வேகம் குறைந்துகொண்டே வரும். அடுத்த 40 நிமிடத்தில் கரைவது மீதியில் பாதி மட்டுமே. அவனுக்குப் பாடம் தெரியாமல் இல்லை, வினாவில் 'முதல்வகை' என்ற சொல்லின் மேல் அவன் கண் நிற்கவில்லை. மரத்தடியில் ஒருவர், "இது ஜீரோ ஆர்டரா, ஃபர்ஸ்ட் ஆர்டரா?" என்று கேட்டிருந்தால் போதும்.

அப்புறம் 33. யாரும் பேசாமல் கடந்துபோன வினா. 10⁻⁷ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலக் கரைசலின் பிஎச் (அமிலத்தன்மை கூடக் கூடக் குறைகிற எண்) என்ன? ஐந்து தாளிலும் 7. ஐந்தும் தவறு. அமிலம் இவ்வளவு நீர்த்திருக்கும்போது தண்ணீர் தானே பிரிந்து தருகிற ஹைட்ரஜன் அயனியையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். வெறுமனே இரண்டு 10⁻⁷-ஐக் கூட்டிவிடவும் முடியாது. அமிலம் இருப்பதால் தண்ணீரின் பிரிகை சற்றுக் குறையும். நீரின் அயனிப் பெருக்கம் 10⁻¹⁴ என்பதை வைத்து இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால் 6.79 வரும். நம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிற கணக்கு. சூத்திரத்துக்கு ஒரு மதிப்பெண் கொடுத்தேன், இரண்டு போயிற்று. ஐந்து பேருக்கும்.

இப்போது ந-வின் கணக்கைப் பாருங்கள். அவள் போச்சு என்று நினைத்தது 21-இலும் 36-இலும் சேர்த்து ஏழு. அந்த இரண்டிலும் அவளுக்கு முழு மதிப்பெண். அவள் பத்திரம் என்று நினைத்த 33-இல் இரண்டு போனது. மரத்தடி எதைக் காட்டியதோ அது அங்கே இல்லை. எது இருந்ததோ அதைக் காட்டவில்லை. வித்தியாசம் இருந்தால்தான் மரத்தடியில் பேச்சு எழும். எல்லாரும் ஒரே தவறைச் செய்திருந்தால் அங்கே அமைதிதான், அந்த அமைதியை எல்லாரும் நிம்மதி என்று எடுத்துக்கொள்வார்கள்.

36-இல் லீடருக்கு ஐந்தில் மூன்று கிடைத்தது. அரைக்கல வினைகளும் சூத்திரங்களும் சரி, பிரதியிட்டதில்தான் பிழை. இதுவும் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. விடை தவறு என்றால் மதிப்பெண் முழுதும் போயிற்று என்றே கணக்குப் போடுகிறார்கள். ஸ்டெப் மார்க் என்ற சொல்லை வகுப்பில் நூறு முறை சொல்லியிருப்பேன். ஆனால் ஒரு வினாவைத் திருத்துகிறபோது எந்த வரிக்கு எவ்வளவு என்று பலகையில் பிரித்துக் காட்டியதில்லை. அது என் தவறு.

திங்கட்கிழமை

"தேர்வு முடிந்ததும் யாரும் விடை பேசக் கூடாது, நேராக வீட்டுக்குப் போ" என்று சொல்வது சுலபம். சில பள்ளிகளில் மரத்தடியில் ஆசிரியரை நிறுத்தி விரட்டுகிறார்கள். அது பலிக்காது. இங்கே பேசாவிட்டால் பஸ்ஸில் பேசுவார்கள், பஸ்ஸில் பேசாவிட்டால் ராத்திரி வாட்ஸ்அப்பில் பேசுவார்கள். மூன்று மணி நேரம் தனியாக மல்லுக்கட்டிவிட்டு வருகிற பிள்ளைக்குத் தன்னைப் போல இன்னொருவரும் அந்த வினாவில் முட்டிக்கொண்டாரா என்று கேட்கத் தோன்றுவது இயல்பு. அதைத் தடுக்க எனக்கு மனமும் இல்லை.

வேறொன்று செய்தேன். தேர்வுகள் முடிந்த அடுத்த திங்கட்கிழமை, தாள்களைக் கொடுப்பதற்கு முன்னால், மரத்தடியில் சண்டை வந்த வினாக்களைக் கேட்டு வாங்கிப் பலகையில் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் முதலில் தனியாக ஒரு துண்டுச் சீட்டில் விடை எழுத வேண்டும், பெயர் வேண்டாம். பிறகு வேறு விடை எழுதிய ஒருவரைத் தேடிப்பிடித்து வழிமுறையைச் சொல்லிக்காட்ட வேண்டும். எண்ணைச் சொல்லக் கூடாது, எப்படி வந்தது என்று மட்டும். அப்புறம் இரண்டாவது சீட்டு. கடைசியில் நான். இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஹார்வர்டில் இயற்பியல் கற்பிக்கும் எரிக் மசூர் 1991-இல் தொடங்கிப் பரப்பிய முறை. மரத்தடியில் நடப்பதற்கும் இதற்கும் வெளிப்பார்வைக்கு அதிக வேறுபாடு இல்லை, இரண்டிலும் பிள்ளைகள்தான் பேசுகிறார்கள். ஆனால் இங்கே அவரவர் விடை முதலிலேயே காகிதத்தில் இருக்கிறது, யாருக்காகவும் அது மாறாது. முடிவில் விஷயம் தெரிந்த ஒருவரும் இருக்கிறார்.

21-க்கு முதல் சீட்டில் 60-தான் அதிகம். பேசிய பிறகு 80 மேலே வந்தது. அப்போது ந எழுந்து, "மிஸ், நான் ஒண்ணு காட்டட்டுமா?" என்றாள். வெளியே போய் மரத்தடியிலிருந்து புளியங்கொட்டை பொறுக்கிக்கொண்டு வந்தாள். அறுபத்து நாலு எண்ணி மேசையில் பரப்பினாள். "நாப்பது நிமிஷம்" என்று சொல்லி முப்பத்திரண்டை ஒதுக்கினாள். "இன்னொரு நாப்பது" என்று மீதியில் பதினாறை ஒதுக்கினாள். மேசையில் பதினாறு, ஓரத்தில் நாற்பத்தெட்டு. லீடர் முன்னால் வந்து கொட்டைகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தான். "ஆமா, நான் ஜீரோ ஆர்டர் போட்டுட்டேன்" என்றான். உறுதியாக நம்பிச் செய்த தவறைத் திருத்தினால் அந்தத் திருத்தம் நன்றாகப் பதியும் என்று பட்டர்ஃபீல்டும் மெட்காஃபும் 2001-இல் ஒரு ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். இவனை வைத்துப் பார்த்தால் எனக்கு அது உண்மை என்றே படுகிறது. அதற்குப் பிறகு வகைச் சொல்லை அடிக்கோடிடாமல் அவன் ஒரு வேகவியல் கணக்கையும் தொட்டதில்லை.

33 அவ்வளவு எளிதாக இறங்கவில்லை. முதல் சீட்டிலும் ஏழு, பேசிய பிறகும் ஏழு. எல்லாரிடமும் ஒரே தவறு இருக்கும்போது யார் யாரிடம் எதைக் கேட்பது? கடைசியில் நான் ஒரு கேள்வி கேட்டேன்: "சுத்தமான தண்ணிக்குப் பிஎச் என்ன?" ஏழு என்றார்கள். "அதுல ஆசிட் விட்டா?" வகுப்பு முழுக்க ஒரு கணம் சத்தமே இல்லை. பிறகு பின்னாலிருந்து யாரோ, "குறையணுமே மிஸ்" என்றார்கள். அங்கிருந்து அரை மணி நேரம் ஆயிற்று 6.79-க்கு வர. இப்படிப்பட்ட வினாக்களை மரத்தடியில் விட முடியாது, ஆசிரியர் கூட இருந்தே ஆக வேண்டும்.

பொதுத்தேர்வுக்கு முன்னால் அவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன். தேர்வு முடிந்த அன்று என்ன வேண்டுமானாலும் பேசுங்கள், ஆனால் விடையைப் பேச வேண்டுமென்றால் கடைசித் தேர்வு முடியட்டும், வினாத்தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள். வேதியியல் அன்று நான் வேறு பள்ளியில் தேர்வறைப் பணியில் இருந்தேன், அவர்கள் சொன்னபடி செய்தார்களா என்று தெரியாது. செய்திருப்பார்கள் என்று முழுதாக நம்பவும் இல்லை.

கடைசித் தேர்வு முடிந்த அன்று சாயங்காலம் நாலரை மணிக்கு ஐந்து பேரும் வந்தார்கள். மடித்து மடித்து நைந்துபோன வேதியியல் வினாத்தாள் ஒவ்வொருவர் கையிலும். நான் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டேன், அவர்கள் வேரின் மேல் உட்கார்ந்தார்கள். லீடர் வழக்கம்போல முதல் வினாவுக்குத் தன் விடையைச் சொன்னான். ந தலையாட்டினாள், தோழியும் தலையாட்டினாள். பஸ் பையன் கையிலிருந்த தாளைத் தொடையில் விரித்து நீவிவிட்டான்.

"எனக்கு வேற வந்துச்சு" என்றான். "எப்படி வந்துச்சுன்னு சொல்றேன்."